வெற்றிலைத் தட்டும் ராட்டினமும்

திருத்துறைப்பூண்டி
10.4.2025

அன்பு மகள் வானதிக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? வழக்கம்போல இதையும் தஞ்சாவூரில் உன் தோழி பூர்ணிமாவின் விலாசத்துக்குத்தான் போடுகிறேன். அவள் உனக்கு அனுப்பி, நீ அவளுக்கு அனுப்பி, அவள் எனக்கு அனுப்பி, ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் வயலில் ஒரு போகம் விளைந்துவிடுகிறது. குறை சொல்லவில்லை. நீ இருக்கிற ஊர் எங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் உனக்கு நிம்மதி என்றால் அப்படியே இருக்கட்டும். ஆனால் மூன்று வருடத்தில் பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது ஒரு அதிசயம் கேள். உங்கப்பா என்னை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போகப் போகிறாராம். கல்யாணம், காதுகுத்து, சாவு இந்த மூன்றைத் தவிர வேறு எதற்கும் என்னை வெளியூர் அழைத்துப் போகாத மனிதர். உளுந்து எடுத்தாகிவிட்டது. நம் ஊர் கடைமடை, மேட்டூர் திறந்தாலும் வாய்க்காலில் தண்ணீர் வர ஜூன் கடைசியாகிவிடும். அதுவரை என்ன வேலை என்கிறார். தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த வண்டியை வெளியே எடுத்து, புது பேட்டரி போட்டு, இரண்டு நாளாகக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

முதலில் மயிலாடுதுறையில் பஞ்சநதம் மாமா வீடு. அப்புறம் சுவாமிமலையில் உன் சித்தப்பா குணசேகரன் வீடு. திருச்சியில் உன் அத்தை மகன் நெடுமாறன் வீடு. நடுநடுவே ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் இருக்கிற பெரிய பூங்காக்கள். "தீம் பார்க்" என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்கிறார். ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றுகிறது என்று இறங்கிவிடுகிறவருக்கு இந்த வயதில் என்ன வந்ததோ தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இரண்டு புதுப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா
ராஜாத்தி

*

24.4.2025

அன்புள்ள அம்மா,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். முழங்காலுக்கு எண்ணெய் தடவினால் போதாது, டாக்டரிடம் காட்டு. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி லேபில் உன் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் காலம் தாழ்த்திவிட்டு வருகிறார்கள்.

நீ எழுதிய மூன்று வீடும் யார் வீடு என்று உனக்குத் தெரியாதா அம்மா? நம் சாதி இல்லாத ஒருவரைக் கட்டிக்கொண்டேன் என்று, அன்றைக்கு எங்களைத் தேடி மன்னார்குடிவரை வந்தவர்கள் இந்த மூன்று பேர்தான். வந்தது எந்த வண்டியில்? நீங்கள் இப்போது ஏறப் போகிற அதே வெள்ளை வண்டியில். அப்போது அங்கே குடியிருந்த பூர்ணிமா வீட்டு மாடி ஜன்னலிலிருந்து நம் நம்பரை நான் பார்த்தேன். அவர்கள் கையில் அகப்பட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ. அதற்குப் பயந்துதான் மூன்று வருடமாக விலாசம் இல்லாமல் இருக்கிறேன்.

வண்டிச் சாவி எப்போதும் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அதை எடுத்து அவர்களிடம் கொடுத்தது யார்? அப்பாவா? இத்தனை நாள் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஜாக்கெட் என்ன நிறம்?

வானதி

*

சுவாமிமலை
6.5.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிளம்புகிற அன்றைக்குக் கிடைத்தது. கைப்பையில் வைத்திருக்கிறேன். வழி நெடுக உங்கப்பா அதைக் கேட்கவுமில்லை, நான் காட்டவுமில்லை. ஜாக்கெட் ஒன்று மாம்பழ நிறம், ஒன்று கருநீலம். தையல் மட்டமில்லை.

மயிலாடுதுறையில் நடந்ததைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். மாமா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், பின் சீட்டிலிருந்து உங்கப்பா தாம்பாளத்தை எடுக்கிறார். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். கோயில் விசேஷத்துக்கு அழைக்கப் போகிறார் போல என்று நானும் தொடுத்து வைத்திருந்த பூவைத் தட்டில் வைத்தேன். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தட்டோடு வந்து நின்றால் நம் பக்கத்தில் எவரும் காரணம் கேட்க மாட்டார்களே. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, அத்தையை உள்ளேயிருந்து கூப்பிட்டு, இருவருமாகக் கிழக்கே பார்த்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கின பிறகுதான் கேட்டார்.

"என்ன விசேஷம் மச்சான்?"

"எம் பொண்ணையும் மாப்பிள்ளையையும் இந்த ஆடிக்கு வீட்டுக்கு அழைக்கிறேன் மச்சான். தலை ஆடிக்கே அழைச்சிருக்கணும். மூணு ஆடி போயிடுச்சு. நீங்க தாய்மாமன், முன்ன நிக்கணும்."

மாமாவின் முகம் போன போக்கை என்னவென்று எழுத. "இந்தாங்க, தட்டைப் பிடிங்க" என்று நீட்டினார். உங்கப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாங்கின தட்டை எந்த ஊர்ல மச்சான் திருப்பிக் குடுக்கறாங்க? வர இஷ்டமில்லேன்னா வீட்டுல இருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா எம் பிள்ளைங்க வர்ற வழியில உங்க ஆளு ஒருத்தனும் நிக்கக் கூடாது. வெத்தல கைமாறிடுச்சு."

அண்ணன் கோபம் எனக்குத் தெரியாதா? ஆனால் அத்தை சட்டென்று தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய் சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். அதற்குமேல் யார் என்ன பேசுவது? காபி வந்தது. சர்க்கரை போட மறந்திருந்தார்கள். மூச்சுக் காட்டாமல் குடித்துவிட்டு வந்தோம்.

இங்கே உன் சித்தப்பாவும் அதேபோல வாங்கிவிட்டு முழித்தார். அப்புறம் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, "எத்தன மணிக்குண்ணே பந்தி?" என்று கேட்டார். அந்த மட்டும் அவருக்குப் புத்தி வந்திருக்கிறது.

நீ கேட்டிருந்த மற்றதற்குப் பிறகு எழுதுகிறேன். கை வலிக்கிறது.

அம்மா

*

திருச்சி
10.5.2025

வானதிக் கண்ணுக்கு,

நான் சுகம். உங்கப்பா சுகம் என்று சொல்ல முடியாது, இன்று ராட்டினத்தில் ஏறினார்.

காலையில் நெடுமாறன் வீடு. உனக்கு முறை மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவனாயிற்றே, ஆறாத கோபம். தட்டைத் தொட மாட்டேன் என்று வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பெண்டாட்டி, இடுப்பில் குழந்தையோடு உள்ளேயிருந்து வந்தாள். "குடுங்க மாமா, உங்க பொண்ணத்தான் கட்டுவேன்னு சொல்லித்தானே இவரு எங்க கல்யாணத்தத் தள்ளிக்கிட்டே இருந்தாரு, நான் வாங்கிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். நல்ல பெண். அவனுக்கு அவள் அதிகம்.

அங்கிருந்து பூங்காவுக்குப் போனோம். உள்ளே நுழைந்தால் ஒரே தண்ணீர், ஒரே கூச்சல். புடவையோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம், ஒரு நைலான் சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். நீயே போட்டுக்கொள் அம்மா என்று அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டேன். முழங்காலுக்கு அத்தனை சுகம்.

உங்கப்பா எதிலும் ஏறவில்லை, எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு ராட்டினமாகப் போய், அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளின் சட்டைப் பையையே குனிந்து குனிந்து பார்க்கிறார். காவலாளி வந்துவிட்டார்.

"என்ன பெரியவரே, என்ன பாக்குறீங்க?"

"பேரு படிக்கிறேன் தம்பி."

எனக்கு மானம் போயிற்று. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பெரிய ராட்டினத்தில் உட்கார வைத்தேன். உச்சிக்குப் போனதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் நாலு பேர் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கீழே இறங்கவே மனசில்லை.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. போன பொங்கலுக்கு, "அந்தப் பையனுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். ஏதோ பெரிய பூங்காவில் ராட்டினங்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக்காம் என்றேன். எந்த ஊர் என்றார். எனக்கே தெரியாது என்றேன். அவர் மாப்பிள்ளையைத்தான் தேடுகிறார் வானதி. செழியன் என்ற பெயரைத் தவிர வேறு ஒரு அடையாளமும் தெரியாமல், நடவு வயலில் களை தேடுகிற மாதிரி ஒவ்வொரு பூங்காவாகத் தேடுகிறார்.

நாளை ஊருக்குத் திரும்புகிறோம். வரப்பு வெட்ட ஆள் சொல்லியிருக்கிறது. அந்த வேலை முடிந்து மறுபடியும் கிளம்புவாராம்.

அம்மா

*

19.5.2025

அம்மாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. படித்துவிட்டு அன்றைக்கு லேபில் ஒரே ரத்தத்தை இரண்டு தடவை பரிசோதித்தேன்.

தேட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். நல்லதற்கே தேடுகிறார் என்று நீ நம்புகிறாய். நான் எதை வைத்து நம்புவது? பெயர் அட்டையைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போங்கள் என்று இவரிடம் கெஞ்சுகிறேன். "என் பேர மறைச்சுக்கிட்டு நான் எங்கயும் நிக்க மாட்டேன்" என்கிறார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

தண்ணீரில் கால் வைத்ததை எழுதியிருக்கிறாய். சர்க்கரை இல்லாத காபியை எழுதியிருக்கிறாய். சாவியைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதாததுதான் பதில் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

வானதி

*

திருத்துறைப்பூண்டி
24.5.2025

என் கண்ணுக்கு,

நலம் விசாரிக்கவெல்லாம் இன்று எனக்குத் தெம்பில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

சாவியைக் கொடுத்தது உங்கப்பாதான். மாமா வாசலில் நின்று கேட்டார். எதற்கு என்று இவர் கேட்கவில்லை. ஆணியிலிருந்து எடுத்து நீட்டினார். உன்னைச் சமாதானம் பண்ணிக் கூட்டி வருவார்கள் என்று நினைத்தாராம். சாயங்காலம் வண்டி வெறுமனே திரும்பி வந்தது. மறுநாள் துடைக்கும்போது பின் சீட்டுக்கு அடியில் இரும்புக் கம்பி கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு களத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று சாப்பிடவில்லை. அன்றைக்குப் போட்ட தார்ப்பாயைத்தான் இந்தப் பங்குனியில் எடுத்தார். அந்த மூன்று வீட்டு வாசலையும் இத்தனை நாள் மிதிக்கவில்லை.

ஏன் அந்த வண்டி, பஸ்ஸில் போவோமே என்று நானும் கேட்டேன். "அவனுங்க போன வண்டியிலதான் நான் போகணும்" என்றார்.

இதை எழுதினால் நீ எங்களை ஒரேயடியாக விட்டுவிடுவாயோ என்று பயந்துதான் காபியையும் ராட்டினத்தையும் எழுதிக்கொண்டிருந்தேன். அவரை மன்னி என்று நான் கேட்க மாட்டேன். அவர் என் புருஷன்தான். ஆனாலும் கேட்க மாட்டேன்.

நீ தேட வேண்டாம் என்று எழுதியதைச் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அம்மா

*

3.6.2025

அன்புள்ள அம்மா,

நீ உள்ளதை எழுதியதற்கு நன்றி. முழங்கால் எப்படி இருக்கிறது?

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அன்றைக்கு நம் வண்டி பூர்ணிமா வீட்டுத் தெருவில் வந்து நின்றபோது, ஓட்டி வந்தது அப்பா என்றுதான் நினைத்தேன். நான் பயப்படவே இல்லை அம்மா. அப்பா கூட்டிப்போக வந்துவிட்டார் என்று செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் பாதிவரை இறங்கிவிட்டேன். இவர்தான் ஓடி வந்து கையைப் பிடித்து நிறுத்தினார். வண்டியிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. அவர்களைக்கூட மறந்துவிடலாம். பாதிப் படியில் நான் நின்ற அந்த ஒரு நிமிஷத்தைத்தான் மறக்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டு. தேட வேண்டாம் என்று முன்பு எழுதினேன். இப்போது அப்படி எழுதவில்லை. வாருங்கள் என்றும் எழுதவில்லை.

வானதி

*

திருத்துறைப்பூண்டி
13.6.2025

வானதிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். படி இறங்கின இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். அப்புறம் என்னிடம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். மறுநாளே கிளம்பிவிட்டோம். மதுரையில் ஒரு பூங்கா, வீண் அலைச்சல். அங்கிருந்து கோயம்புத்தூர்.

அங்கே கப்பல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிற ராட்டினம் ஒன்று. அதன் பக்கத்தில் நீலச் சட்டை போட்ட பையன் ஒருவன் குனிந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். நீ எனக்கு மட்டும் அனுப்பிய கல்யாணப் போட்டோவில் பார்த்த எனக்கு முகம் தெரிந்துவிட்டது. உங்கப்பாவுக்குச் சட்டைப்பையில் இருக்கிற பெயரைப் படிக்க வேண்டுமே. கிட்டே போகிறேன் என்று வரிசையில் நின்றார். பின்னால் நின்றவர்கள் தள்ள, ஆளோடு ஆளாகக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். நான் அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றேன்.

இறங்கும்போது வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். நிற்க முடியவில்லை. ஓடி வந்து பிடித்தது அந்தப் பையன்தான். கையைத் தோளில் போட்டு அழைத்துப்போய் மர நிழலில் உட்கார வைத்து, மோர் வாங்கிக் கொடுத்தான். பெயரைப் படித்தார். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். நான் கிட்டே போகவில்லை. கடைசியில் அவன் பையிலிருந்து பேனாவை எடுத்தான். இவர் அவன் கையைப் பிடித்து வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். எனக்குக் கண்ணீர் வந்து ஒன்றும் தெரியவில்லை.

கரூர் வந்ததும் உங்கப்பா சொன்னார்.

"விலாசம் எழுதிக் குடுக்க வந்தான். வேணாம்னுட்டேன்."

"என்னங்க, உங்களுக்குக் கூறு இருக்கா? இதுக்குத்தானே இந்த வேகாத வெயில்ல ஊரெல்லாம் சுத்துனோம்?"

"அவளக் கேக்காம அவளத் தேடி ஒரு தடவ இந்த வண்டி போச்சு ராஜாத்தி. இன்னொரு தடவ போகக் கூடாது."



அம்மா

*

வானதி செழியன்
4/27, கிணற்றடித் தெரு
சோமனூர்
29.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு வானதி வணக்கத்துடன் எழுதுவது.

தலைச்சுற்றல் சரியாகிவிட்டதா? அன்று வீட்டுக்கு வந்ததும் இவர் முதலில் சொன்னது அதைத்தான். "உங்கப்பா அந்தக் கப்பல்ல எனக்காக ஏறுனாரு" என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் நீங்கள் பேசியதைச் சொன்னார். "சாவியக் குடுத்தவன் நாந்தான் தம்பி. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்று நீங்கள் சொன்னீர்களாம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. எழுதிக் கிழித்துப் போட்டேன். அதனால்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. ஆனால் உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது அப்பா. அது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. விலாசத்தை நீங்கள் இவரிடம் வாங்கியிருந்தால் நான் வீட்டை மாற்றியிருப்பேன். வாங்கவில்லை. அதனால் நானே மேலே எழுதியிருக்கிறேன்.

ஆடிக்கு அழைக்க வருவதானால் ஒன்று சொல்ல வேண்டும். இவருடைய அம்மா எங்களோடுதான் இருக்கிறார். பெயர் நீலாம்பாள். நம் பக்கத்து வயல்களில் நாற்பது வருடம் நடவு நட்டவர். அந்த வயல்காரர்களின் வீடுகளில் அவருக்குக் கொல்லைப்புறத்தில்தான் சோறு போட்டார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. நீங்கள் வருவதாக இருந்தால் உள்ளே வர வேண்டும். உட்கார்ந்து அத்தை கையால் சாப்பிட வேண்டும். அப்புறம்தான் தட்டு. வாசலில் நின்று அழைத்துவிட்டுப் போவதானால், தயவுசெய்து வர வேண்டாம். அத்தைக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
வானதி

*

திருத்துறைப்பூண்டி
5.7.2025

அன்பு மகள் வானதிக்கும் மாப்பிள்ளை செழியனுக்கும் நடராசன் ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. நானே படித்தேன். விலாசம் எனக்கும் உன் அம்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது, தெரியவும் போவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்று விட்டிருக்கிறேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நீ மன்னிக்க வேண்டாம். வரச் சொன்னாயே, அது போதும்.

வருகிற 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அங்கே இருப்போம். சம்பந்தியம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். எனக்கு இப்போது சர்க்கரை இருக்கிறது, அதனால் இலையில் முதலில் சோறு கொஞ்சமாக வைக்கச் சொல். மறுசோறு நானே அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா